பாப்பா நெற்றியில் பிறவிச் சிவப்பு மச்சம்: சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

புளியரை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையைத் தாண்டி கேரளா எல்லையில் புளியரை எங்கள் ஊர். பாப்பாவுக்கு நாலு மாதம் ஆகிறது. பிறந்தபோதே இடது நெற்றியில் தொடங்கி மேல் இமை வரைக்கும் சிவப்பாக ஒரு மச்சம். தடவிப் பார்த்தால் மேடு இல்லை, தோலோடு தோலாகத்தான் இருக்கிறது. வீறிட்டு அழுதால் கருஞ்சிவப்பாகிவிடும். பால் குடித்துத் தூங்கிவிட்டால் மறுபடி இளஞ்சிவப்பு.

என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன் மகன். அதனால் சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்து நெற்றியைத் தொட்டேன் என்று அத்தை சொல்கிறார். விசேஷ வீட்டுக்குப் போனால் பாப்பாவைத் தூக்குகிறவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு லேபில் ரத்தம் கொடுத்து ஜீன் டெஸ்ட் எடுத்தோம். பெரிய தொகை ஆனது. ரிப்போர்ட் நார்மல், ஜீனில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் இது என்ன? அடுத்த பிள்ளைக்கும் வருமா? தென்காசியில் காட்டுவதா, திருவனந்தபுரம் போவதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இலஞ்சி அண்ணாச்சி

தங்கச்சி, மனசைப் போட்டு அலட்டாதே. என் மகனுக்கும் புருவ நடுவிலும் பிடரியிலும் இப்படிச் சிவப்பு இருந்தது. நடக்கப் பழகுவதற்குள் நெற்றியில் இருந்தது இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. பிடரியில் மட்டும் லேசாக உண்டு, முடி மறைத்துவிடுகிறது.

புனலூர் தோல் டாக்டர்

அண்ணாச்சி, உங்கள் மகனுக்கு இருந்தது வேறு வகை. பச்சைப்பிள்ளைகளில் அது ரொம்ப சாதாரணம், முகத்தில் இருப்பது பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் மங்கிவிடும். புளியரை அம்மா சொல்வதை வாசித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே பக்கம், நெற்றி, மேல் இமை, நாலு மாதமாகியும் மங்கவில்லை. இதை போர்ட் ஒயின் மச்சம் என்போம். ஆயிரம் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு இருக்கும். தானாகப் போகாது. பிள்ளை வளர வளர அதுவும் கூடவே வளரும். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் காத்திருங்கள் என்றும் சொல்ல மாட்டேன்.

அம்மா, ஜீன், சொந்தம், கிரகணம் எல்லாம் அப்புறம் பேசுவோம். முதலில் கண். நெற்றியும் மேல் இமையும் சேர்ந்து சிவந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணில் அழுத்தம் ஏற வாய்ப்பு உண்டு. பாப்பா வெளிச்சத்தைக் கண்டு கண்ணை இறுக்கி மூடுகிறாளா, அந்தக் கண்ணில் மட்டும் நீர் வடிகிறதா, கருவிழி மற்றதைவிடப் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே குழந்தைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்குத் திருநெல்வேலி பக்கம், அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

அடுத்தது வலிப்பு. ஒரு கை மட்டும் அல்லது ஒரு கால் மட்டும் விட்டுவிட்டு உதறுவது, பார்வை ஒரு பக்கமாகவே நிலைகுத்தி நிற்பது, ஒரு பக்கக் கை வரவர ஓய்ந்து போவது. குறிப்பாக மச்சத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் கவனியுங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். அந்த வீடியோ டாக்டருக்கு ரொம்ப உதவும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் வலிப்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

நெற்றியில் இந்த மச்சம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் அழுத்தமும் வலிப்பும் வருவதில்லை, பெரும்பாலோருக்கு மச்சம் மட்டும்தான். கண்ணும் மூளையும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் அதற்கு ஸ்டர்ஜ்-வெபர் சிண்ட்ரோம் என்று பெயர். 1879-இல் லண்டனில் வில்லியம் ஸ்டர்ஜ் என்ற டாக்டர் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். முகத்தில் மச்சம், அதே பக்கம் கண் கோளாறு, எதிர்ப்பக்கம் வலிப்பு. முகத்தில் இருக்கும் அதே மாதிரி மச்சம் மூளையின் மேலும் இருக்க வேண்டும் என்று ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

புளியரை அம்மா

டாக்டர், கண்ணில் நீர் வடிகிறது. குளிர்காற்று பட்டு வருகிறது என்றுதான் நினைத்திருந்தோம். வியாழக்கிழமைக்கு அப்பாயிண்ட்மெண்ட் போட்டுவிட்டோம்.

அச்சன்புதூர் பெரியவர்

டாக்டரம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் கிரகணத்தில் வெளியே வரக்கூடாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பிள்ளை உண்டு. தாயிடம் கேட்டால், ஆமாம், அந்தச் சமயத்தில் கிரகணம் வந்தது என்கிறாள்.

நகரி வாத்தியார்

ஐயா, வணக்கம். நான் ஆந்திராவில் நகரியில் உயிரியல் நடத்துகிறேன், எங்கள் பக்கமும் இதே பேச்சுதான். ஒன்றை யோசித்துப் பாருங்கள். சூரியன், சந்திரன் இரண்டையும் சேர்த்து உலகத்தில் வருஷத்துக்கு 4 முதல் 7 கிரகணம் வரும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரகண காலம் வந்துகொண்டே இருக்கும். அப்படியென்றால் ஒன்பது மாதக் கர்ப்பம் எதுவும் கிரகணம் இல்லாமல் கடக்காது. எந்தத் தாயிடம் கேட்டாலும், பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஒன்று கிடைக்கும். மச்சம் இல்லாத பிள்ளையைப் பெற்றவளிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

2019 டிசம்பர் 26-இல் வளைய சூரிய கிரகணம் வடகேரளத்திலிருந்து கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகப் போனது. அந்தப் பாதையில் அன்றைக்குக் கர்ப்பமாக இருந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்! கிரகணத்தால் மச்சம் வரும் என்றால் அந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு இருந்திருக்க வேண்டும்.

புனலூர் தோல் டாக்டர்

வாத்தியாருக்கு நன்றி. இப்போது புளியரை அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இதை உங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இது ஜீனில் வந்த மாற்றம்தான். ஆனால் அப்பாவிடமிருந்தும் வரவில்லை, அம்மாவிடமிருந்தும் வரவில்லை. கரு உருவாகும்போது ஒரு செல் இரண்டாகி, நாலாகிப் பெருகுகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் சுமார் 300 கோடி எழுத்துள்ள டி.என்.ஏ.வை, அதுவும் இரண்டு செட், முழுவதுமாக நகலெடுக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிழை விழத்தான் செய்யும். என் உடம்பிலும் இருக்கிறது, இதை வாசிக்கிற எல்லார் உடம்பிலும் இருக்கிறது. பெரும்பாலான பிழைகளால் எந்தத் தொந்தரவும் இல்லை. எப்போதாவது ஒரு பிழை முக்கியமான ஜீனில், கர்ப்பத்தின் ஆரம்பத்தில், ஒரே ஒரு செல்லில் விழுந்துவிடும். அந்தச் செல்லின் வம்சம் போய்ச் சேர்கிற இடமெல்லாம் அந்த மாற்றம் இருக்கும், மற்ற இடத்தில் இருக்காது. ஒரே உடம்பில் இரண்டு வகைச் செல்கள். இதைத்தான் மொசைக் நிலை என்கிறோம்.

போர்ட் ஒயின் மச்சத்தில் அந்த ஜீன் ஜி.என்.ஏ.க்யூ. 2013-இல் கண்டுபிடித்தார்கள். ஸ்டர்ஜ்-வெபர் உள்ள 3 பேரின் பாதித்த திசுவையும் பாதிக்காத திசுவையும் எடுத்து, முழு ஜீனோமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே ஒரு எழுத்து மாற்றம் திரும்பத் திரும்ப வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலும் பலரிடம் பார்த்தபோது ஸ்டர்ஜ்-வெபர் உள்ள 26 பேரில் 23 பேருக்கும், வெறும் மச்சம் மட்டும் உள்ள 13 பேரில் 12 பேருக்கும் அதே மாற்றம் இருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பிழை எப்போது, எந்தச் செல்லில் விழுந்தது என்பதில்தான் வித்தியாசம். தலையின் முன்பக்கத் தோல், கண், மூளையின் மேலுறை மூன்றுக்கும் ரத்தக்குழாய் கருவில் ஒரே பகுதியிலிருந்து புறப்படுகிறது. பிழை அதற்கு முன்பே விழுந்திருந்தால் மூன்றும் மாட்டும், பிந்தி விழுந்தால் தோலோடு நின்றுவிடும்.

உங்கள் ரத்த டெஸ்ட் ஏன் நார்மல்? ரத்தச் செல்கள் வேறு வம்சம், அதனால். அந்த ஆய்வில் மச்சம் உள்ள தோலிலேயே வாசித்த நகல்களில் மாறிய எழுத்து 1 முதல் 18 சதவீதம் வரைதான் இருந்தது. ரத்தத்தில் தேடினால் கிடைக்காது. மச்சத் தோலில் சிறு துணுக்கு எடுத்து, ஒரே இடத்தைப் பல நூறு, பல ஆயிரம் தடவை வாசிக்கிற முறையில் தேடினால்தான் தெரியும். அந்த லேபில் ரத்தம் எடுக்கும் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பாப்பா விஷயத்தில் அந்தத் துணுக்கும் இப்போது தேவையில்லை. பார்த்தாலே தெரிகிற மச்சத்துக்கு ஜீன் ரிப்போர்ட்டால் சிகிச்சை மாறப் போவதில்லை.

சொந்தத்தில் கட்டினால் ஆபத்துக் கூடும் நோய்கள் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அங்கே அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுதான ஜீன் ஒளிந்திருந்து, இரண்டும் பிள்ளையிடம் சேர்வதால் வரும். இது அந்தக் கணக்கே இல்லை. நீங்கள் முன்பின் தெரியாதவரைக் கட்டியிருந்தாலும் இதே வாய்ப்புதான். அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்ற எந்தத் தாய்க்கும் உள்ளதைவிடக் கூடுதல் இல்லை.

இன்னொன்று. இந்த ஜீன் பெயரைக் கூகுளில் போட்டால் கண் புற்றுநோய் என்று வந்து பயமுறுத்தும். அந்த ஜீன் உண்டாக்கும் புரதத்தில் அங்கே மாறுவது பெரும்பாலும் 209-ஆம் இடம், இங்கே 183-ஆம் இடம். இங்கே நடப்பது, அணைய வேண்டிய ஒரு சிக்னல் சரியாக அணையாமல் நீடிப்பதால் நுண் ரத்தக்குழாய்கள் விரிந்தே நிற்பது. இந்த மச்சம் புற்றுநோய் இல்லை.

களியக்காவிளை அக்கா

டாக்டர், என் தங்கை மகனுக்கு வலது தொடையில் இதே போலச் சிவப்பு. ஆனால் அந்தக் கால் மற்ற காலைவிடத் தடிமன், நீளமும் கூடுதல். நரம்பு புடைத்து நிற்கிறது. செருப்பு இரண்டு ஜோடி வாங்கி ஒன்றுக்கொன்று மாற்றித்தான் போடுகிறான். இதுவும் அதேதானா?

புனலூர் தோல் டாக்டர்

கதை அதேதான், ஜீன் வேறு. நீங்கள் சொல்வது கிளிப்பல்-டிரெனானே சிண்ட்ரோம் போலத் தெரிகிறது. இதில் பெரும்பாலும் மாறியிருப்பது பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற ஜீன். செல்லை வளரச் சொல்கிற பாதையில் உட்கார்ந்திருக்கிறது. அது ஓயாமல் வேலை செய்தால் அந்த இடத்துக் கொழுப்பு, ரத்தக்குழாய், சில சமயம் எலும்பு எல்லாம் சேர்ந்து பெருக்கும். இங்கே ஜீன் டெஸ்ட்டுக்குப் பயன் இருக்கிறது, ஏனென்றால் மருந்து வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக வந்த அல்பெலிசிப் என்ற மாத்திரையை 2022-இல் அமெரிக்காவில் இந்த வகைப் பெருவளர்ச்சிக்கும் அனுமதித்தார்கள், 2 வயதுக்கு மேல், கடுமையாகப் பாதித்தவர்களுக்கு. எல்லாருக்கும் வேண்டியதில்லை. சர்க்கரை ஏற்றுவது போன்ற பக்கவிளைவும் உண்டு. பெரிய மையத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள். டெஸ்ட் எடுப்பதானால் பாதித்த திசுவிலிருந்து எடுக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை இரண்டு காலின் நீளத்தையும் அளந்து எழுதி வையுங்கள். இடைவெளி கூடினால் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். காலில் திடீரென்று வலியும் வீக்கமும் வந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

நகரி வாத்தியார்

என் வகுப்பில் ஒரு பெண். கழுத்திலிருந்து கை வரைக்கும் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போகின்றன. நரம்போடும் போகவில்லை, ரத்தக்குழாயோடும் போகவில்லை. படித்துப் பார்த்ததில் இவை பிளாஷ்கோ கோடுகள் என்று தெரிந்தது. ஆல்ஃப்ரெட் பிளாஷ்கோ என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து, கோடுகளைப் படமாக வரைந்து 1901-இல் வெளியிட்டார். முதுகுத்தண்டின் மேல் கூராக இறங்கும், விலாவில் வளையும், உச்சந்தலையில் சுழிக்கும். இப்படிக் கோடாக வருகிற பல தோல் கோளாறுகளுக்கும் அதே பாதை! கருவில் தோல் செல்கள் நகர்ந்துபோன வழிதான் அது என்பது பிற்பாடு புரிந்தது.

எங்கள் ஊர் பவர்லூம் ஊர். பாவில் ஒரு இழை மட்டும் சாயம் மாறிப் போய்விட்டால் சேலை நெடுகிலும் அந்தக் கோடு ஓடும், மற்ற இழைகளில் ஒரு குறையும் இருக்காது. பிள்ளைகளிடம் அப்படித்தான் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணும் அன்றைக்குத்தான் கையை மறைக்காமல் உட்கார்ந்தாள்.

புனலூர் தோல் டாக்டர்

ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள். அந்தப் பெண் பிறந்த புதிதில் கோட்டோடு கொப்புளம் வந்து, பிறகு மரு போலத் தடித்து, அப்புறம் பழுப்பானதா என்று வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். அப்படியானால் அது தனி நோய், தாயிடமிருந்து மகளுக்கு வரக்கூடியது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஒவ்வொரு செல்லிலும் அதில் ஒன்று அணைந்துவிடும் என்று மேரி லயன் என்ற ஆங்கிலேய மரபியல் அறிஞர் 1961-இல் சொன்னார். அதனால் பழுதான எக்ஸ் ஓடுகிற செல்களும் நல்ல எக்ஸ் ஓடுகிற செல்களும் பட்டை பட்டையாக அமைகின்றன. ஆண் கருவுக்கு ஒரே எக்ஸ் என்பதால் பெரும்பாலும் கருவிலேயே கலைந்துவிடும். அந்த வீட்டில் அடிக்கடி கரு கலைந்திருக்கிறதா என்று நாங்கள் கேட்பது அதற்காகத்தான். பல்லும் கண்ணும்கூடப் பார்க்க வேண்டியிருக்கும்.

கொப்புளம் எதுவும் வராமல் வெறும் பழுப்புக் கோடு மட்டும் என்றால் பெரும்பாலும் கவலைக்கு இடமில்லை.

வேலந்தாவளம் தம்பி

டாக்டர், நான் பாலக்காட்டுப் பக்கம். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வலது விலாவிலிருந்து தொடை வரை சொரசொரப்பாக, பழுப்பாக ஒரு பட்டை, பிறந்ததிலிருந்து. வேர்த்தால் நாறும், சில இடம் உரியும். மேலே சொன்னதை வாசித்தபோது நிம்மதியாக இருந்தது. எனக்கும் பரம்பரை இல்லை, பிள்ளைக்கு வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

புனலூர் தோல் டாக்டர்

தம்பி, உங்களுக்கு மட்டும் அப்படி அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது ரொம்ப நல்லதாயிற்று.

உங்களுக்கு இருப்பது மேல்தோல் நீவஸ், அதாவது மேல்தோல் தடித்த ஒரு பிறவி மச்சம். உங்கள் பெற்றோரிடமிருந்து வரவில்லை என்பது சரி. ஆனால் பிழை மிக ஆரம்பத்தில் விழுந்திருந்தால், தோலுக்குப் போகிற செல்களோடு விந்தணுவை உண்டாக்கும் செல்களிலும் அது இருக்கலாம். பெரும்பாலான நீவஸில் இது பொருட்டில்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3, ஹெச்ராஸ் போன்ற ஜீன்கள்தான் அதில் மாறியிருக்கும், அந்த மாற்றங்கள் பிள்ளைக்குப் போவதில்லை என்றே சொல்லலாம். அவற்றில் சில, உடம்பு முழுக்க இருந்தால் கருவே தங்காது. ருடால்ஃப் ஹாப்பிள் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் 1987-இல் இதைத்தான் சொன்னார்: முழு உடம்பில் இருந்தால் உயிரைப் பறிக்கும் மாற்றம், சில செல்களில் மட்டும் இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. பிற்பாடு ஒவ்வொரு ஜீனாகக் கண்டுபிடிக்க, அவர் சொன்னது பல நோய்களில் நிரூபணமானது. உடம்பின் சில பகுதிகள் மட்டும் அளவுமீறி வளரும் புரோட்டியஸ் சிண்ட்ரோமில் ஏ.கே.டி.1 ஜீனின் மாற்றம் 2011-இல் கிடைத்தது, அதுவும் அப்படித்தான்.

ஆனால் ஒரு வகை வேறு. தோலுக்கு உறுதி கொடுக்கும் கெரட்டின் 1 அல்லது கெரட்டின் 10 ஜீனில் பிழை இருந்தால், அது முழு உடம்பிலும் இருந்தாலும் பிள்ளை உயிரோடு பிறக்கும். அப்பாவுக்கு ஒரு பட்டை, பிள்ளைக்கோ உடம்பு முழுக்கக் கொப்புளமும் தடித்த தோலும். கெரட்டின் 10-இல் இப்படி நடந்ததை 1994-இலேயே ஜீன் அளவில் காட்டிவிட்டார்கள். தோல் உரிகிறது என்று நீங்கள் எழுதியதால்தான் இதைச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது கஷ்டமில்லை. பட்டையிலிருந்து ஒரு பயாப்ஸி, அதாவது சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது. மைக்ராஸ்கோப்பில் மேல்தோல் செல்கள் உடைந்து குழிகுழியாகத் தெரிந்தால் அடுத்துக் கெரட்டின் டெஸ்ட். அதுவும் பாசிட்டிவ் என்றால் ஜெனட்டிக் கவுன்சலிங், கர்ப்பம் தரித்த பின் கருவைச் சோதிக்கும் வழியும் உண்டு. அப்போதும் பிள்ளைக்குக் கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். வரப்போகும் பெண்ணிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இலஞ்சி அண்ணாச்சி

என் அண்ணன் பேத்திக்கு உச்சந்தலையில் மஞ்சளாக முடி முளைக்காத திட்டு ஒன்று உண்டு. அதுவும் இந்தக் கூட்டத்தில்தான் வருமா டாக்டர்?

புனலூர் தோல் டாக்டர்

ஆமாம் அண்ணாச்சி, அநேகமாகச் செபேசியஸ் நீவஸ், தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுந்த பிறவி மச்சம். இதில் மாறியிருப்பது ஹெச்ராஸ் ஜீன், சில பேருக்குக் கேராஸ் ஜீன் என்று 2012-இல் தெரிந்தது. சின்னத் திட்டு மட்டும் என்றால் பயமில்லை, வயசுக்கு வரும்போது தடிக்கும். அதில் புதிதாகக் கட்டி கிளம்பினால் காட்டுங்கள். முகம், கழுத்து வரை நீண்டு கிடந்தால் கண்ணையும் நரம்பையும் பார்க்க வேண்டும்.

புளியரை அம்மா

டாக்டர், போய்விட்டு வந்துவிட்டோம். இடது கண்ணில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், திரும்ப வந்து அளக்கச் சொன்னார்கள், தேவைப்பட்டால் ஆபரேஷன் என்றார்கள். நீங்கள் எழுதியதை அத்தைக்கும் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தை ஒன்றும் பேசவில்லை, ஆனால் சொட்டு மருந்து நேரத்தை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

எம்.ஆர்.ஐ. இப்போதே எடுக்கலாமா? லேசர் செய்தால் வலிப்பு வராமல் தடுக்குமா? ராத்திரி வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது, நாங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறோம்.

புனலூர் தோல் டாக்டர்

நல்ல நேரத்தில் பிடித்துவிட்டீர்கள் அம்மா. இந்தக் கண் அழுத்தம் கைக்குழந்தையில் வராமல் வளர்ந்த பிறகும் வரலாம், ஆகவே கண் பரிசோதனையை ஆயுசுக்கும் விடக்கூடாது.

எம்.ஆர்.ஐ. எப்போது என்பதை நரம்பு டாக்டர் முடிவு செய்யட்டும். இத்தனை சின்ன வயதில் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம், அது நார்மல் என்று வந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. பாப்பாவைக் கண்ணால் கவனிப்பதுதான் முக்கியம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள் வந்துவிடும்.

லேசர் தோலுக்கு மட்டும்தான், மூளைக்கும் கண்ணுக்கும் அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பல்ஸ்டு டை லேசர் என்று கேளுங்கள். தோல் மெல்லியதாக இருக்கும் ஒரு வயதுக்குள் தொடங்கினால் நன்றாக மங்கும். பல அமர்வுகள் வேண்டும், முழுவதும் மறையும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். செய்யாமல் விட்டால் பெரியவளாகும்போது கருத்துத் தடிக்கலாம். இமைக்குப் பக்கத்தில் செய்யும்போது கண்ணுக்குள் கவசம் வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால் பாப்பாவை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் விரலோ ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம், கையில் இரும்பும் வேண்டாம். மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ 108-க்குப் போன் செய்யுங்கள். ராத்திரியில் ஆரியங்காவு மலைப்பாதை ஏறி எங்கள் பக்கம் வர வேண்டாம், தென்காசிதான் கிட்டே. அங்கே வலிப்பை நிறுத்திய பிறகு எங்கே போவது என்று பார்க்கலாம். பாப்பாவின் எடையைக் குறித்த சீட்டைச் சொட்டு மருந்தோடு ஒரே பையில் வையுங்கள், ஊசி மருந்து எடைக்குத் தகுந்தபடிதான் போடுவார்கள்.